கண்டவர் யார்? தெருக்குழந்தைகளும் சட்டமும் ஒரு தில்லித் தொண்டு நிறுவனமும்

1

இங்கிலாந்து நாடாளுமன்றம் 1866இல் இயற்றிய தொழிற்பள்ளிகள் சட்டத்தில் ஒரு தொடர் உண்டு. வீடோ நிலையான தங்குமிடமோ கண்ணுக்குத் தெரியும் பிழைப்பு வழியோ இன்றி அலைந்து திரியக் காணப்படும் சிறுவரை நீதிபதியின் முன் நிறுத்தலாம் என்பது அதன் சாரம். இத்தொடர் 1908ஆம் ஆண்டின் இங்கிலாந்துக் குழந்தைகள் சட்டத்தில் இடம்பெற்றது. அதனை அடியொற்றியே 1920இல் சென்னை மாகாணமும், 1922இல் வங்காளமும், 1924இல் பம்பாயும் தத்தம் குழந்தைகள் சட்டங்களை இயற்றின. விடுதலைக்குப் பின் ஒன்றிய ஆட்சிப் பகுதிகளுக்கென இயற்றப்பட்ட 1960ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்திலும், 1986, 2000, 2015 ஆகிய ஆண்டுகளின் சிறார் நீதிச் சட்டங்களிலும் அத்தொடர் சிறுசிறு மாற்றங்களுடன் தொடர்கிறது. வீடற்ற குழந்தையை விவரிக்க ஒன்றரை நூற்றாண்டாக நம்மிடம் உள்ளது ஏறத்தாழ ஒரே வாக்கியம்தான்.

அவ்வாக்கியத்தின் வினைச்சொல் கவனிக்கத்தக்கது. குழந்தை ‘காணப்படுகிறது’. செயப்பாட்டு வினையில் செய்தவர் மறைந்துவிடுவார் என்பது இலக்கண மாணவர் அறிந்ததே. கண்டவர் யார்? காவலரா, ஆசிரியரா, அதே நடைமேடையில் உறங்கும் இன்னொரு சிறுவனா? வரையறைப் பிரிவு இதற்கு விடை தருவதில்லை. அதற்குச் சில பக்கங்கள் தள்ளி, குழந்தையை அதிகாரிகளின் முன் கொண்டுவருவதற்கு உரியவர் யாவர் எனப் பட்டியலிடும் பிரிவைப் படிக்கவேண்டும். சிறார் சட்ட வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் வரையறையின் மாற்றங்களையே நுணுகி நோக்குகின்றனர். உண்மையான மாற்றம் அந்த மற்றொரு பிரிவில்தான் நிகழ்ந்துள்ளது என்பதும், அம்மாற்றத்திற்கு முன்னோடியாக அமைந்தவை உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களின் அன்றாடப் பணிகளே என்பதும் இப்பதிவின் வாதம்.

2

காலனிய அரசுக்குத் தெருவிலிருந்த சிறுவர் முதன்மையாக ஓர் ஒழுங்குச் சிக்கல். 1850ஆம் ஆண்டின் தொழில் பயிலுநர் சட்டம், அனாதைகளையும் வறிய சிறுவரையும் கைத்தொழில் பயில ஒப்பந்தத்தின்கீழ் அனுப்ப வழிசெய்தது. பம்பாயில் அலைந்து திரிந்த சிறுவருக்காகத் தொடங்கப்பட்டு, டேவிட் சாசூனின் கொடையால் அவர் பெயரைத் தாங்கிய தொழிற்பள்ளி இக்காலத்தது. பின்னர் 1876, 1897 ஆண்டுகளின் சீர்திருத்தப் பள்ளிச் சட்டங்கள் குற்றமிழைத்த சிறுவரைச் சிறையிலிருந்து பிரித்துப் பள்ளி என்ற பெயருடைய மற்றொரு சுவருக்குள் வைத்தன. சிறுவருக்குத் தனிச் சட்டங்கள் தேவை என 1919–20ஆம் ஆண்டுகளின் இந்தியச் சிறைக் குழு வற்புறுத்தியது.

இவற்றின் நோக்கத்தில் கருணை இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அக்கருணை செயற்பட்ட திசை ஒன்றே. தெருவிலிருந்து குழந்தையை அகற்று. ஓர் இல்லத்தில் சேர். குழந்தை தெருவுக்கு வந்த காரணமும், தெருவில் அது அமைத்துக்கொண்ட நட்பும் தொழிலும் அந்நடைமுறையில் எங்கும் பதிவாகவில்லை.

1960ஆம் ஆண்டுச் சட்டம் தில்லிக்கு நேரடியாகப் பொருந்தியது. ‘புறக்கணிக்கப்பட்ட குழந்தை’ என்ற வகையை அது உருவாக்கியது. அத்தகைய குழந்தையைப் பொறுப்பில் எடுத்து வாரியத்தின் முன் கொண்டுவரக்கூடியவர் காவல் அலுவலர், அல்லது நிருவாகி அதிகாரம் அளித்த வேறொருவர். இங்கிலாந்தின் 1866ஆம் ஆண்டுச் சட்டமோ அவ்வாறு கொண்டுவரும் உரிமையை எவருக்கும் திறந்து வைத்திருந்தது. வாக்கியம் கடல் கடந்து வந்தபோது குழந்தையைக் காணும் கண் காக்கியின் கண்ணாகச் சுருங்கியது.

இதன் விளைவை விளக்கப் பெரிய கோட்பாடு தேவையில்லை. தன்னைப் பார்க்க வருபவர் பிடித்துச்செல்லவே வருகிறார் என்று அறிந்த குழந்தை ஒளிந்துகொள்ளும். உதவி தேவைப்படும் குழந்தையே உதவியைக் கண்டு ஓடும். பிடிபட்டால் போகுமிடம் பல நேரங்களில் சிறையாகவும் இருந்தது. நாட்டின் பல மாநிலங்களில் சிறுவர் சிறைகளில் அடைபட்டிருந்ததை முன்வைத்துத் தொடரப்பட்ட ஷீலா பார்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் கடுமையான ஆணைகளைப் பிறப்பித்தது. அதே ஆண்டில் நாடு முழுமைக்குமான சிறார் நீதிச் சட்டம் வந்தது. அதில் குழந்தையைக் கொண்டுவருவோர் பட்டியலில் புதிதாக ஒரு சொல் நுழைந்தது: ‘அமைப்பு’. அரசு அதிகாரமளித்த நபர் மட்டுமன்று, அமைப்பும் குழந்தையை அழைத்து வரலாம்.

3

அச்சொல்லுக்கு உயிர் வந்த இடங்களுள் ஒன்று புது தில்லி ரயில் நிலையம். மீரா நாயரின் ‘சலாம் பாம்பே’ திரைப்படம் 1988இல் வெளிவந்து, கான் திரைப்பட விழாவில் முதல் படத்திற்கான பரிசைப் பெற்றது. பம்பாய்த் தெருச்சிறுவர்களே நாடகப் பயிற்சி பெற்று அதில் நடித்திருந்தனர். படம் முடிந்தபின் அச்சிறுவர்களின் நிலை என்ன என்ற கேள்வியிலிருந்து, படத்தின் வருவாயைக் கொண்டு, சலாம் பாலக் அறக்கட்டளை பிறந்தது. தில்லியில் அதனைத் தோற்றுவித்தவர்கள் மீரா நாயரின் அன்னை பிரவீண் நாயரும் நாடகத் துறையைச் சேர்ந்த சஞ்சய் ராயும் ஆவர். மூன்று பணியாளர்கள், இருபத்தைந்து குழந்தைகள். இடம், ரயில் நிலையத்திலிருந்த அரசு ரயில்வே காவல் நிலையத்தின் திறந்த மாடம்.

காவல் நிலையத்தின் மாடத்திலேயே இப்பணி தொடங்கியது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் அதன் வரலாற்றுப் பொருள் பெரிது. அதுவரை பிடித்துவரப்படும் இடமாக இருந்த கட்டடத்திற்குக் குழந்தைகள் தாமாக ஏறிவரத் தொடங்கினர்.

ரயில் நிலையம் ஏன் மையமாயிற்று என்பதற்குப் பொருளியல் காரணங்கள் உண்டு. வீட்டு வன்முறை, வறுமை, பள்ளியில் அடி, நகரத்தின் கவர்ச்சி, திருவிழாக் கூட்டத்தில் கைநழுவிய ஒரு கணம் என எக்காரணத்தால் புறப்பட்டாலும், பயணச்சீட்டின்றி நெடுந்தொலைவு செல்லக் குழந்தைக்குக் கிடைக்கும் ஊர்தி ரயில்தான். இறங்கிய இடத்திலேயே தண்ணீர்க் குழாய் உண்டு, கூரை உண்டு, பயணிகள் விட்டுச்சென்ற உணவு உண்டு, வெற்றுப் புட்டிகளைப் பொறுக்கி விற்றால் அன்றைய காசு உண்டு. அக்காசைப் பறிக்க மூத்த சிறுவரும், பழைய பொருள் வாங்குவோரும், அவர்களுக்கு மேலே வேறு சிலரும் உண்டு. வந்திறங்கிய முதல் சில மணி நேரத்திற்குள் அக்குழந்தையை அணுகுபவர் எவரோ அவரே அதன் அடுத்த சில ஆண்டுகளைத் தீர்மானிக்கிறார். தரகரும் இதை அறிவார். தொண்டரும் அறியவேண்டியிருந்தது.

எனவே உருவானதே ‘தொடர்பு மையம்’ என்னும் முறை. பணியாளர் ஒருவர் நாள்தோறும் அதே நேரத்தில் அதே இடத்தில் இருப்பார். காயத்திற்கு மருந்திடுவார், எழுத்துச் சொல்லித்தருவார், விளையாடுவார். குழந்தை முதலில் சொல்லும் பெயரும் ஊரும் பெரும்பாலும் உண்மையாக இரா. அதைத் துருவாமல் காத்திருப்பதும் பணியின் பகுதியே. உண்மைப் பெயர் வெளிவர நாளாகலாம், மாதமும் ஆகலாம். அதன் பின்னரே வீட்டைப் பற்றிய பேச்சு. வீட்டுக்குத் திரும்புவது இயலுமெனில் குடும்பத்துடன் பேசித் திருப்பி அனுப்புதல். இயலாதெனில் தங்குமில்லம், பள்ளி, தொழிற்பயிற்சி. பெண் குழந்தைகளுக்கென ‘ஆருஷி’ என்னும் தனி இல்லமும் பின்னர் அமைந்தது. நடைமேடையில் பெண் குழந்தைகள் குறைவாகத் தென்படுவது அவர்கள் குறைவாக வருவதற்குச் சான்றன்று. அவர்கள் விரைவாக மறைந்துபோகின்றனர். வீட்டுவேலைக்கும் பாலியல் சுரண்டலுக்கும் கொண்டுசெல்லப்படுகின்றனர். ‘காணப்படும்’ என்ற சொல்லின் போதாமை இங்குதான் மிகத் துலக்கமாகத் தெரிகிறது.

4

தில்லியில் நிகழ்ந்தது தனி நிகழ்வன்று. கொல்கத்தாவின் சியால்தா ரயில் நிலையத்தருகே லொரேட்டோ பகல்நேரப் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்த சகோதரி சிரில், 1980களில் தெருவோரச் சிறுமியருக்குப் பள்ளியின் கதவைத் திறந்தார். கட்டணம் செலுத்திப் பயின்ற மாணவியரே அச்சிறுமியருக்குக் கற்பித்தனர். இரவில் வெறுமையாகக் கிடக்கும் பள்ளிக் கட்டடத்திலேயே அவர்கள் தங்கவும் முடிந்தது. இங்கு குழந்தையைக் கண்டவர் ஆசிரியர். அவருடன் இன்னொரு மாணவி.

தில்லியில் 1989இல் ரீட்டா பணிக்கர் நிறுவிய ‘பட்டர்ஃபிளைஸ்’ அமைப்பு வேறொரு சிக்கலைக் கண்டது. தெருக்குழந்தை நாளெல்லாம் உழைத்து ஈட்டியதை இரவுக்குள் செலவழித்துவிடுகிறது. ஊதாரித்தனம் எனப் பெரியோர் கருதிய இதில் தெளிவான கணக்கு உண்டு. பணத்தை வைத்திருந்தால் உறக்கத்தில் பறிபோகும், அடியும் விழும். செலவழித்த பணத்தை எவரும் திருட முடியாது. 2001இல் குழந்தைகளே மேலாளர்களாக இருந்து நடத்தும் சேமிப்பு வங்கியை அவ்வமைப்பு தொடங்கியது. நாளையைப் பற்றி எண்ணாதவர் என்று கருதப்பட்டவர்க்கு உண்மையில் இல்லாதிருந்தது நாளைவரை பணத்தை வைக்க ஓர் இடமே.

மும்பையில் 1996 ஜூன் மாதம், டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணித் திட்டமாக ஜெரூ பிலிமோரியா தொடங்கிய சைல்டுலைன் தொலைபேசிச் சேவை இவ்வரிசையின் உச்சம் எனலாம். 1098 என்ற எண்ணை இந்தியில் பத்து, ஒன்பது, எட்டு என இறங்குவரிசையில் சொல்லலாம். எழுத்தறியாத குழந்தையும் மறவாது. தெருவில் வளர்ந்த இளைஞர்களும் அச்சேவையின் களப்பணியில் இடம்பெற்றனர். கட்டணமில்லாத பொதுத் தொலைபேசியிலிருந்து குழந்தை தானே அழைக்கலாம். நண்பனுக்குக் காய்ச்சல் என்றும் அழைக்கலாம்.

இப்போது 2000ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 32ஆம் பிரிவுக்கு வருவோம். குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர உரியவர் பட்டியல் அதில் நீள்கிறது. காவல் அலுவலர், அரசு ஊழியர், சைல்டுலைன், பதிவுபெற்ற தன்னார்வ அமைப்பு, சமூகப் பணியாளர், பொதுநல நோக்குடைய குடிமகர். இறுதியில் ஓர் உரியவர்: அக்குழந்தை தானே. மும்பையின் ஒரு கல்வி நிறுவனத்தில் தொடங்கிய சேவை நான்கே ஆண்டுகளில் பெயர் சுட்டி நாடாளுமன்றச் சட்டத்தில் இடம்பெற்றது. குழந்தை தன்னைத் தானே கண்டு, தானே வந்து நிற்கலாம் என்பதையும் அதே பிரிவு ஏற்றது. 1992இல் இந்தியா இணைந்த ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் செல்வாக்கு இதில் உண்டு. எனினும் உடன்படிக்கை கொள்கையைத் தந்ததெனில், அக்கொள்கை நடைமுறையில் இயலும் என்பதற்கு இந்நிறுவனங்களின் பத்தாண்டுப் பணியே சான்றாயிற்று.

ரயில்வே துறையின் மாற்றம் இன்னும் தாமதமாக வந்தது. தில்லி உயர் நீதிமன்றத்தில் 2012இல் தொடரப்பட்ட பொதுநல வழக்கின் விளைவாக, நிலையங்களில் தனித்து வரும் குழந்தைகளை எவ்வாறு அணுகவேண்டும் என்ற நிலையான நடைமுறை விதிகளை 2015இல் ரயில்வே வெளியிட்டது. தொடர்பு மையம் போன்ற பணிகள் 1980களிலிருந்து செய்துவந்தவற்றுள் பல இவ்வாறு ஒரு பெரும் அரசுத் துறையின் எழுத்து விதியாயின.

5

இதனை வெற்றி வரலாறாக மட்டும் எழுதுவது ஆய்வு நேர்மையாகாது. மூன்று தடைகளைச் சொல்லவேண்டும்.

முதலாவது எண்ணிக்கை. 2010இல் தில்லியில் நடந்த ஒரு கணக்கெடுப்பு அந்நகரில் ஏறத்தாழ 51,000 தெருக்குழந்தைகள் இருப்பதாகக் கண்டது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் வீடற்றோர் 17.73 லட்சம் எனப் பதிந்தது. அதற்கான கணக்கெடுப்பு பிப்ரவரி 28ஆம் நாளின் ஓரிரவில் நடந்தது. அவ்விரவில் ஓடும் ரயிலில் இருந்த குழந்தை எந்த ஊரின் கணக்கில் வரும்? சில நூறு குழந்தைகளைத் தங்கவைக்கும் நிறுவனம் ஒன்று எத்துணைச் சிறப்பாக இயங்கினாலும், தெருவாழ்வுக்கு முடிவுகட்டுவது அதனால் மட்டும் ஆவதன்று.

இரண்டாவது சான்றின் தன்மை. புருலியாவிலிருந்து 1999இல் பதினோரு வயதில் ஓடிவந்து, புது தில்லி ரயில் நிலையத்தில் புட்டி பொறுக்கி, சலாம் பாலக் இல்லத்தில் வளர்ந்து, 2007இல் தம் முதல் தனி ஒளிப்படக் கண்காட்சியை நடத்திய விக்கி ராயின் வரலாறு பரவலாக அறியப்பட்டது. அது உண்மை, போற்றத்தக்கது. ஆனால் தொண்டு நிறுவனங்களின் ஆவணங்கள் நன்கொடையாளரையும் நோக்கியே எழுதப்படுகின்றன. இல்லத்திலிருந்து மீண்டும் நடைமேடைக்குத் திரும்பியவரின் வரலாறு அவற்றில் மெலிதாகவே ஒலிக்கும். அவற்றைக் கொண்டு வரலாறு எழுதுவோர் இச்சாய்வை மனத்திற் கொள்ளவேண்டும்.

மூன்றாவதே மிக ஆழமான தடை: பதினெட்டாம் பிறந்தநாள். 2015ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயது நிறைந்து இருபத்தொரு வயது நிறையாதோர்க்குப் பிற்காப்பு அளிக்க இடந்தருகிறது. ஆனால் அது நிறுவனப் பராமரிப்பிலிருந்து வெளியேறியவர்க்கு மட்டுமே. எந்த இல்லத்திலும் சேராமல் தெருவிலேயே வளர்ந்த இளைஞர் அவ்வரையறைக்குள் வாரார்.

அவருக்காகக் காத்திருந்தது மற்றொரு சட்டம். 1959ஆம் ஆண்டின் பம்பாய் இரத்தல் தடுப்புச் சட்டம் பின்னர் தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியும் பிழைப்பு வழியின்றிப் பொது இடத்தில், இரந்து வாழ்பவர் எனக் கருதத்தக்க நிலையில் அலைபவரும் அச்சட்டப்படி இரவலரே; முதன்முறையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை அடைத்துவைக்கலாம். சொற்களை ஒப்பிட்டுப் பாருங்கள். 1866ஆம் ஆண்டு வாக்கியத்தின் அதே பிழைப்பு வழி, அதே அலைதல். பதினெட்டு நிறைவதற்கு முந்தைய நாள் அந்நிலை பாதுகாப்புக்குரிய காரணம். மறுநாள் அதே நிலை குற்றம். நடைமேடையும் மாறவில்லை, ஆளும் மாறவில்லை. தில்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்ட் 8ஆம் நாள் அச்சட்டத்தின் பல பிரிவுகளைத் தில்லியளவில் அரசமைப்புக்கு முரணானவை எனத் தள்ளியது. குற்றம் நீங்கியது உண்மை. ஆனால் அவ்விடத்தில் பாதுகாப்பு எதுவும் வைக்கப்படவில்லை. இளைஞருக்கு எஞ்சியது வயது வந்தோருக்கான இரவுத் தங்குமிடம் ஒன்றே. குழந்தைகளின் வீடின்மைக்கு நூற்றாண்டுக்கு மேற்பட்ட சட்ட மொழி நம்மிடம் உண்டு. இளைஞரின் வீடின்மைக்கு ஒரு வாக்கியமும் இல்லை.

6

2023இல் சைல்டுலைன் சேவை தொண்டு நிறுவனங்களின் கையிலிருந்து அரசின் பொறுப்புக்கு மாறியது. 1098 என்ற எண் தொடர்கிறது. அவசர உதவி எண் 112உடன் அது இணைக்கப்பட்டது. இம்மாற்றத்தை எளிதில் கண்டிக்கவும் முடியாது, கொண்டாடவும் முடியாது. குழந்தையின் பாதுகாப்பு அரசின் கடமை. நன்கொடை வற்றினால் மூடிவிடக்கூடிய அமைப்புகளை நம்பி அதை விட்டுவைப்பது அறமாகாது. தொண்டு நிறுவனங்களே நெடுங்காலம் கேட்டுவந்தது அரசு பொறுப்பேற்கவேண்டும் என்பதைத்தான்.

ஆயினும் அரசு எதனைப் பெற்றுக்கொண்டது என்பது கேள்வி. எண்ணையும் கோப்புகளையும் மாற்றித் தரலாம். நாள்தோறும் அதே நேரத்தில் அதே நடைமேடையில் நிற்பதும், பொய்ப்பெயரைப் பொறுத்துக்கொண்டு காத்திருப்பதும், சீருடை அணியாமல் முதலில் அணுகுவதும் கோப்புகளோடு கைமாறுபவை அல்ல. அவற்றைப் பணிவிதியாகவும் பணியிடமாகவும் ஊதியமாகவும் மாற்றினாலன்றி நிலைபெறா. அவ்வாறு மாற்றப்படின் சலாம் பாலக் போன்ற நிறுவனங்களின் பணி தன் முழுப் பயனை எய்தும். மாற்றப்படாவிடின், அழைக்கும் குழந்தையின் முன் முதலில் வந்து நிற்பவர் மீண்டும் 1960ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட அதே அலுவலராகவே இருக்கக்கூடும்.

இத்துறையில் ஆய்வு மேற்கொள்ளும் மாணவர்க்கு இரண்டு பணிகள் காத்திருக்கின்றன. ஒன்று, கொண்டுவருவோர் பட்டியலை 1920 முதல் இன்றுவரை மாநிலவாரியாகத் தொகுத்து ஒப்பிடுவது. சென்னை மாகாணச் சட்டமே அதற்குத் தொடக்கப்புள்ளி. மற்றொன்று, இத்தொண்டு நிறுவனங்களில் 1980களிலும் 1990களிலும் களத்தில் நின்றவர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்வது. அவர்களுள் பலர் இன்று பணி ஓய்வை நெருங்குகின்றனர். காத்திருப்பது எப்படி என்பதை அவர்கள் எங்கும் எழுதிவைக்கவில்லை. அதைக் கேட்டு எழுதிக்கொள்வதற்கான காலம் குறுகி வருகிறது.